தொலைதூரக் காடுகளுக்கும் துருவங்களுக்கும் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காட்டுயிர் பார்க்கத் தொலைதூரம் போக நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள் ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. கேட்கும் வரிசைதான் மாறுகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுதிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக எல்லாவற்றையும் இங்கே தொகுத்துவிட்டேன். எளியவை முதலில், வில்லங்கமானவை பின்னால். கட்டணங்களும் விதிகளும் மாறக்கூடியவை. பணம் கட்டுவதற்கு முன் அந்தந்தப் பூங்காவின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1. உலகம் முழுக்க இடங்கள் கொட்டிக் கிடக்கின்றன. எந்த நாட்டைத் தேர்ந்தெடுப்பது?

நாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எந்த விலங்கைப் பார்த்தே தீர வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அது முடிவானால் இடம் தானாகச் சுருங்கிவிடும். மலைக் கொரில்லா என்றால் ருவாண்டா, உகாண்டா, காங்கோ ஜனநாயகக் குடியரசு ஆகிய மூன்று நாடுகள்தான். எந்த விலங்குக்காட்சி சாலையிலும் அது கிடையாது. கடலுக்குள் மூழ்கிப் பாசி மேயும் இகுவானா என்றால் கலாபகோஸ் தீவுகள் மட்டுமே. இண்ட்ரி லெமூருக்கு மடகாஸ்கர், கொமோடோ டிராகனுக்கு இந்தோனேசியாவின் சில தீவுகள்.

விலங்குக்கு அடுத்து மாதம். நாடு மூன்றாவதாகத்தான் வரும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். விடுமுறை கிடைத்த தேதிக்கு மலிவான டிக்கெட்டை வாங்கிவிட்டு, “அங்கே இப்போது என்ன தெரியும்?” என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் மழைதான் தெரியும்.

குறிப்பிட்ட ஆசை எதுவும் இல்லை, நிறைய விலங்குகளைப் பார்த்தால் போதும் என்றால் ஆப்பிரிக்கப் புல்வெளிகளிலிருந்து தொடங்குங்கள். திறந்தவெளி என்பதால் ஒரே நாளில் பல இனங்கள் கண்ணில் படும். அமேசான், போர்னியோ போன்ற மழைக்காடுகளில் உயிர்வளம் இதைவிட அதிகம். ஆனால் எல்லாம் இலைக்குப் பின்னால் இருக்கும். முதல் பயணமாக அங்கே போனவர்கள்தான் அதிகம் புலம்புகிறார்கள்.

2. “ஒதுக்குப்புறமான இடம்” என்கிறீர்களே, எவ்வளவு தொலைவு என்றால் பயப்பட வேண்டும்?

கிலோமீட்டரில் அளக்காதீர்கள். கால் முறிந்தால் அறுவை சிகிச்சை செய்யக்கூடிய மருத்துவமனைக்குப் போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேளுங்கள். போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ ஈரநிலத்தில் உள்ள முகாம் வரைபடத்தில் அத்துவானக் காடாகத் தெரியும். ஆனால் பக்கத்திலேயே சிறு விமான ஓடுதளம் இருக்கும். அண்டார்டிக் தீபகற்பத்தில் கப்பலில் மருத்துவர் இருப்பார். ஆனால் நோயாளியைக் கரைசேர்க்க, கிங் ஜார்ஜ் தீவின் ஓடுதளம் வரை கப்பல் போய், மேகம் விலகும்வரை காத்திருக்க வேண்டும். அது நாள்கணக்கு.

தெற்கு அட்லாண்டிக்கில் உள்ள டிரிஸ்டன் டா குன்யா இன்னொரு ரகம். அருகில் மனிதர் வாழும் நிலம் செயின்ட் ஹெலினா. அது சுமார் 2,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. டிரிஸ்டனில் விமான நிலையம் கிடையாது. கேப் டவுனிலிருந்து கப்பலில் ஏறக்குறைய ஒரு வாரம். உங்கள் பயணத்தில் இந்த மணிக்கணக்கு எவ்வளவு என்பதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். காப்பீடு, மருந்து, உடல்நிலை பற்றிக் கீழே வரும் பதில்கள் பலவும் அந்த எண்ணைத்தான் கேட்கும்.

3. முதல் பயணத்துக்கே அண்டார்டிகா போவது அகலக்கால் வைப்பதாகுமா?

பணத்துக்கு அகலக்கால், உடலுக்கு அவ்வளவு இல்லை. அர்ஜெண்டினாவின் உஷுவாயாவில் கப்பல் ஏறி, டிரேக் நீரிணையை ஏறக்குறைய இரண்டு நாளில் கடப்பீர்கள். அதன் பிறகு நாள்தோறும் ரப்பர் படகில் கரைக்குப் போய் மெதுவாக நடப்பது, கப்பலுக்குத் திரும்பிச் சாப்பிடுவது. நடுக்கோடையில் தீபகற்பத்தின் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் இருக்கும். டிரேக்கில்தான் குடல் வாய்க்கு வரும். குமட்டல் மாத்திரையைக் கப்பல் ஆடத் தொடங்கிய பிறகு விழுங்கினால் பயன் குறைவு, முன்பே போட்டுக்கொள்ளுங்கள். கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் அறை எடுங்கள். அங்கே ஆட்டம் குறைவு. கடல் ஒத்துக்கொள்ளவே இல்லை என்பவர்களுக்குச் சிலியின் புண்டா அரீனாஸிலிருந்து கிங் ஜார்ஜ் தீவுக்குப் பறந்து, அங்கே கப்பல் ஏறும் திட்டங்களும் உண்டு. ஆனால் மேகம் கவிந்தால் விமானம் கிளம்பாது.

கப்பலின் அளவைக் கேட்காமல் முன்பணம் கட்டாதீர்கள். 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பலிலிருந்து யாரும் கரையிறங்க முடியாது. சிறிய கப்பலானாலும் ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேர்தான் கரையில் நிற்கலாம். ஆக, 480 பேர் கொண்ட கப்பலில் உங்கள் முறை வரும்வரை சன்னல் வழியாகத்தான் பென்குயின் பார்ப்பீர்கள். மலிவான கட்டணத்தின் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

4. எந்த மாதத்தில் போனால் நன்றாகப் பார்க்கலாம்?

இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது, ஆனால் ஒரே தர்க்கம் உண்டு: விலங்கை ஓரிடத்தில் கட்டிப்போடுவது எது என்று பாருங்கள். பெரும்பாலும் தண்ணீர், இரை, பனி, இனப்பெருக்கம் ஆகிய நான்கில் ஒன்றாக இருக்கும்.

தான்சானியாவின் செரெங்கெட்டியிலும் கென்யாவின் மாசாய் மாராவிலுமாகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்டு மான்கள் மழையையும் புல்லையும் தேடி ஆண்டு முழுவதும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை தெற்கே நுடூட்டு சமவெளியில் குட்டி ஈனும் காலம். ஜூலை முதல் அக்டோபர் வரை மாரா ஆற்றைக் கடக்கும் காலம். எல்லோரும் இரண்டாவதற்கே அடித்துக்கொண்டு போகிறார்கள். என் வாக்கு முதலாவதற்குத்தான். குட்டிகள், அவற்றைத் தேடி வரும் சிவிங்கிப்புலிகள், கழுதைப்புலிகள் எல்லாம் திறந்த வெளியில் நடக்கும். ஆற்றங்கரையிலோ முப்பது நாற்பது வண்டிகளுக்கு நடுவே, மந்தை மனம் வைக்கும்வரை மணிக்கணக்கில் காத்திருக்க நேரலாம்.

ஒகவாங்கோ இன்னும் விசித்திரம். அங்கோலாவின் மேட்டுநிலத்தில் பெய்த மழை மெல்ல மெல்ல நகர்ந்து, போட்ஸ்வானாவில் ஒரு சொட்டு மழையும் இல்லாத ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான மாதங்களில் வெள்ளமாக வந்து பரவுகிறது. சுற்றிலும் வறட்சி, நடுவில் வெள்ளம். விலங்குகள் அங்கே கூடாமல் என்ன செய்யும்? பிரேசிலின் பாண்டனால் ஈரநிலத்தில் ஜாகுவார் பார்க்க ஜூலை முதல் அக்டோபர் வரை. தண்ணீர் வடிந்து, கேப்பிபரா என்னும் பெரிய கொறிணிகளும் கைமன் முதலைகளும் ஆற்றோரத்தில் நெருங்கும்போது ஜாகுவாரும் கரைக்கு வரும். கனடாவின் சர்ச்சில் ஊரில் பனிக்கரடிக்கு அக்டோபர், நவம்பர். ஹட்சன் விரிகுடா உறைந்தால்தான் சீல் வேட்டைக்குப் போக முடியும் என்பதால் அவை கரையில் காத்துக் கிடக்கும். அலாஸ்காவின் புரூக்ஸ் அருவியில் கரடிகளுக்கு ஜூலை. சால்மன் மீன்கள் அருவியைத் தாவி ஏறும் மாதம் அது.

5. கூட்டமும் செலவும் குறைவாக இருக்கும் மாதத்தில் போகக் கூடாதா?

போகலாம், எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்திருந்தால். ஆப்பிரிக்காவில் மழைக்காலத்தில் புல் ஆளுயரம் வளரும், விலங்குகள் சிதறிவிடும், சேற்றில் வண்டி மாட்டிக்கொள்ளும். ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வா பூங்காவில் பல முகாம்கள் மூடியே கிடக்கும். ஆனால் பறவை பார்ப்பவர்களுக்கு அதுதான் பொற்காலம்: வலசை வந்தவை எல்லாம் அப்போது இருக்கும், ஆண்பறவைகள் இனப்பெருக்கக் கோலத்தில் இருக்கும்.

6. ஒரு மணி நேரம் கொரில்லா பார்க்க 1,500 டாலரா? இது பகல்கொள்ளை இல்லையா?

ருவாண்டாவில் அனுமதிச்சீட்டு 1,500 அமெரிக்க டாலர். 2017-இல் 750-லிருந்து ஒரே தாவலில் ஏற்றினார்கள். உகாண்டாவில் 800. இரண்டு இடத்திலும் ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளில் எட்டுப் பேர் மட்டும், ஒரே ஒரு மணி நேரம் பார்க்கலாம். நமக்கு வரும் சளி கொரில்லாவுக்கும் தொற்றும். அதை அது தாங்காது. அதனால்தான் முகக்கவசம், பத்து மீட்டர் இடைவெளி, இருமல் உள்ளவருக்கு அனுமதி மறுப்பு எல்லாம். ஆட்களைக் குறைத்தே ஆக வேண்டும் என்னும்போது விலை ஏறத்தான் செய்யும்.

பணம் எங்கே போகிறது என்பதுதான் சரியான கேள்வி. ருவாண்டா பூங்கா வருவாயில் பத்து சதவீதத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்குக் கொடுக்கிறது. மலைக் கொரில்லாக்களின் எண்ணிக்கை இப்போது ஆயிரத்தைத் தாண்டி நிற்கிறது. 2018-இல் அவை ‘மிக அருகிய’ நிலையிலிருந்து ‘அருகிய’ நிலைக்குத் தேறின. பெரிய குரங்கினங்களில் எண்ணிக்கை கூடிக்கொண்டிருப்பது அபூர்வம். எனவே கொள்ளை என்று நான் சொல்ல மாட்டேன். எட்டாத விலை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

7. அவ்வளவு பணம் கட்டியும் விலங்கு கண்ணில் படாவிட்டால்?

திரும்பக் கிடைக்காது. பழக்கப்படுத்தப்பட்ட கொரில்லாக் குடும்பங்களைத் தடம் பார்ப்பவர்கள் விடியற்காலையிலேயே தேடிப் போய்விடுவதால் அங்கே ஏமாற்றம் அரிது. லடாக்கின் ஹெமிஸ் பூங்காவில் பனிச்சிறுத்தை தேடுவது அப்படி அல்ல. குளிர்காலத்தில் அது கீழிறங்கி வரும் மாதங்களிலும், நாள் முழுவதும் தொலைநோக்கியில் எதிர்மலையைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவோர் உண்டு. பார்த்தவர்களுக்கும் அது பல சமயம் அரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு சாம்பல் புள்ளிதான். “நிச்சயம் காட்டுகிறோம்” என்று எழுதிக் கொடுக்கும் நிறுவனத்தைச் சந்தேகியுங்கள். காரணம் 17-ஆம் கேள்வியில்.

8. நான் உடற்பயிற்சி செய்கிறவன் இல்லை. தாக்குப்பிடிப்பேனா?

வண்டியில் அமர்ந்து பார்க்கும் பயணங்களுக்கு முதுகு நன்றாக இருந்தால் போதும். மண்பாதையின் குலுக்கல் லேசானதல்ல. ரப்பர் படகுக்கு, ஆடும் இடத்தில் ஒரு கைப்பிடியைப் பிடித்து இறங்கத் தெரிய வேண்டும். கொரில்லாவுக்கு, செங்குத்தான சேற்றுக் காட்டில் அரைமணியிலிருந்து ஐந்தாறு மணி நேரம் வரை நடக்க நேரலாம். எவ்வளவு என்பது அன்று கொரில்லா இருக்கும் இடத்தைப் பொறுத்தது. காலையில் குழு பிரிக்கும்போது உங்கள் முட்டிவலியை மறைக்காமல் சொல்லுங்கள், அருகில் இருக்கும் குடும்பத்துக்கு அனுப்புவார்கள். மூட்டை தூக்க உள்ளூர் ஆள் கிடைப்பார், அமர்த்திக்கொள்ளுங்கள். உங்கள் முதுகும் தப்பும், காட்டோர ஊருக்கு நேரடியாகப் பணமும் போகும்.

9. உயரமான மலையில் மூச்சு முட்டுமாமே? ஓட்டப்பந்தயக்காரனான எனக்குமா?

உங்களுக்கும்தான். மலைநோய் உடல்வலிமையைப் பார்த்து வருவதில்லை. எவ்வளவு வேகமாக ஏறினீர்கள் என்பதைப் பார்த்து வருகிறது. 2,500 மீட்டருக்கு மேல் எவருக்கும் வரலாம். வலுவானவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் மாட்டிக்கொள்வதும் உண்டு. 3,000 மீட்டரைத் தாண்டியபின், இரவு தூங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் தங்குங்கள். லே நகரம் (சுமார் 3,500 மீட்டர்), லா பாஸ் (சுமார் 3,600) போன்ற இடங்களுக்கு விமானத்தில் நேராகப் போய் இறங்குவது இந்த விதியை முதல் நாளிலேயே உடைப்பது. எனவே முதல் இரண்டு நாள் சும்மா இருங்கள்.

தலைவலி, குமட்டல் என்றால் மேலே ஏறாமல் நில்லுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால் உடனே கீழே இறங்க வேண்டும். இரவானாலும் இறங்க வேண்டும். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்திருக்கலாம்; விடியும்வரை பார்ப்போம் என்று இருந்தவர்கள் இறந்திருக்கிறார்கள். அசெட்டசோலமைடு மாத்திரை உயரத்துக்குப் பழகிக்கொள்ள உதவும்; மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். அது கீழே இறங்குவதற்கு மாற்று ஆகாது.

10. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டே ஆக வேண்டுமா? நான் போகும் நாட்டில் கேட்கவில்லையே?

நீங்கள் போகும் நாடு கேட்காமல் இருக்கலாம். அங்கிருந்து அடுத்ததாக நுழையும் நாடு கேட்கும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். உகாண்டாவில் கொரில்லா பார்த்துவிட்டு தான்சானியா போனால், நோய் உள்ள நாட்டிலிருந்து வருகிறீர்கள் என்று எல்லையில் சான்றிதழ் கேட்பார்கள். பல நாடுகள், அப்படிப்பட்ட நாட்டின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்ததையும் கணக்கில் எடுக்கின்றன. கடைசியாகச் சொந்த நாட்டுக்குத் திரும்பும்போதும் இதே விதி உங்கள்மேல் பாயலாம். எனவே நாடுகளின் பட்டியலைப் பார்க்காமல் நாடுகளின் வரிசையைப் பாருங்கள்.

ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். 2016 ஜூலை முதல் ஒருமுறை போட்டது ஆயுளுக்கும் செல்லும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் விதிமுறை மாறிவிட்டது. பழைய மஞ்சள் அட்டையில் பத்தாண்டு என்று அச்சாகியிருந்தாலும் அப்படித்தான். இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்த தடுப்பூசி. கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள், முட்டைக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர்கள், அறுபதைத் தாண்டியவர்கள் மருத்துவரிடம் விரிவாகப் பேச வேண்டும்.

11. மலேரியா மாத்திரை பக்கவிளைவு தருமாமே, கொசுவலை போதாதா?

மலேரியாப் பகுதியில் போதாது. பக்கவிளைவு பயம் இருந்தால் மருந்தை மாற்றலாம். அட்டோவாகுவோன்-புரோகுவானில், டாக்சிசைக்ளின் என்று தெரிவு இருக்கிறது. முன்னதை ஊர் திரும்பியபின் ஏழு நாள், பின்னதை நான்கு வாரம் தொடர வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பாதியில் நிறுத்துவதுதான் வழக்கமான குளறுபடி. திரும்பிச் சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால் எங்கே போயிருந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

குரங்கு, நாய், வவ்வால் கடித்தாலோ கீறினாலோ சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ரேபிஸ் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டிருந்தாலும் கடித்தபின் ஊசி உண்டு. ஆனால் இம்யூனோகுளோபுலின் என்னும் ஆயத்த எதிர்ப்புப்பொருள் ஊசி தேவைப்படாது. ஒதுக்குப்புறங்களில் கிடைக்காத மருந்தே அதுதான். 2-ஆம் கேள்வியில் குறித்த மணிக்கணக்கு ஒரு நாளைத் தாண்டினால் முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது.

12. கடன் அட்டையோடு வந்த பயணக் காப்பீடு போதுமா?

பெரும்பாலும் போதாது. மூன்று இடங்களைப் படியுங்கள்: நோயாளியை மீட்டு மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்கும் செலவுக்கு எவ்வளவு வரம்பு, எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், எந்தச் செயல்கள் விலக்கு. எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டர், கிளிமஞ்சாரோ 5,895 மீட்டர். 4,000 மீட்டரோடு நின்றுவிடும் காப்பீடு அங்கே வெறும் காகிதம்.

மீட்பைக் காப்பீட்டு நிறுவனத்தின் அவசர எண்ணுக்குச் சொல்லிவிட்டுத் தொடங்குவது முக்கியம். நேபாளத்தில் தேவையில்லாமல் ஹெலிகாப்டரில் ஏற்றிக் காப்பீட்டுப் பணம் பிடுங்கும் மோசடி 2018-இல் வெளிச்சத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு கேள்விகள் கூடிவிட்டன.

13. சிக்னல் இல்லாத இடம் என்பதால் சாட்டிலைட் கருவி வாங்கிக்கொள்ளலாமா?

வாங்கலாம், ஆனால் விமானம் ஏறும் முன் சட்டத்தைப் பாருங்கள். இந்தியாவில் அனுமதியில்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பது குற்றம். மலையேற்றக்காரர்கள் பயன்படுத்தும் சிறிய செய்தி அனுப்பும் கருவியையும் அதே கணக்கில் சேர்த்து, விமான நிலையத்திலேயே வெளிநாட்டவரைப் பிடித்திருக்கிறார்கள். லடாக்குக்குப் பனிச்சிறுத்தை பார்க்க வருகிறவர் இதில் எளிதாக மாட்டுவார். துருவங்களில் இரிடியம் வலையமைப்பு வேலை செய்யும். அதன் 66 செயற்கைக்கோள்கள் துருவங்களின் மேலாகச் சுற்றுகின்றன. ஐபோன் 14 முதல் வந்த சாட்டிலைட் அவசரச் சேவை குறிப்பிட்ட நாடுகளில் மட்டுமே கிடைக்கும்.

கருவி உதவியை அழைக்கும். உதவி எப்போது வரும் என்பதை அது தீர்மானிப்பதில்லை.

14. என்னென்ன எடுத்துப்போவது? உடை எந்த நிறம்?

முதலில் எடை. கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவின் சிறு விமானங்களில் பெரும்பாலும் 15 கிலோதான், கேமராவையும் சேர்த்து. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி சரக்கறைக்குள் நுழையாது. வளைந்துகொடுக்கும் துணிப்பை எடுங்கள்.

கறுப்பும் அடர் நீலமும் டிசெட்சி ஈயை இழுக்கும். அதன் கடி ஊசி குத்துவது போல இருக்கும். காக்கி, பழுப்பு, மங்கிய பச்சை நல்லது. ஆனால் ராணுவப் புள்ளிச்சட்டை வேண்டவே வேண்டாம்: உகாண்டா, ஜாம்பியா, ஜிம்பாப்வே போன்ற நாடுகளில் குடிமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம். ருவாண்டா 2008-இலும், கென்யா 2017-இலும், தான்சானியா 2019-இலும் பிளாஸ்டிக் பைகளைத் தடைசெய்துவிட்டன. விமான நிலையக் கடைப் பையையும் இறங்கும் முன் விட்டுவிடுங்கள். போர்னியோவின் ஈரக்காட்டுக்கு அட்டை ஏறாத நெருக்கமான காலுறை வேண்டும். அண்டார்டிகாவுக்குப் போகும் காலணியின் பள்ளங்களில் ஒரு விதைகூட இருக்கக் கூடாது. கப்பலில் ஊசி வைத்துத் தோண்டச் சொல்வார்கள்.

15. பெரிய லென்ஸ் இல்லாமல் போனால் வீணா?

பைனாகுலர் இல்லாமல் போனால்தான் வீண். ஆளுக்கு ஒன்று வேண்டும்; இரண்டு பேருக்கு ஒன்று என்றால் சண்டையில் முடியும். 8×42 என்றால் எட்டு மடங்கு பெரிதாகும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். படகிலும் வண்டியிலும் 10 மடங்கு கை நடுக்கத்தையும் பெரிதாக்கிவிடும்; 8 போதும். கேமராவுக்கு 100–400 மில்லிமீட்டர் லென்ஸ் பெரும்பாலான இடங்களுக்குச் சரி. கொரில்லாவுக்கு அதுவும் நீளம். இருட்டுக் காட்டுக்குள் 70–200 உதவும்.

ட்ரோனை வீட்டில் வையுங்கள். அண்டார்டிகக் கரையோரத்தில் பயணிகளுக்கு அனுமதி இல்லை, கென்யா, தான்சானியா பூங்காக்களில் தனி அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது, மொராக்கோவில் எல்லையிலேயே பறித்துக்கொள்வார்கள்.

16. திறந்த வண்டியில் இருக்கும்போது சிங்கம் பாய்ந்தால்? கரடி எதிரே வந்தால்?

வண்டியும் அதற்குள் இருப்பவர்களும் சிங்கத்துக்கு ஒரே பெரிய உருவமாகத் தெரிகிறார்கள். இரையாகவும் தெரிவதில்லை, எதிரியாகவும் தெரிவதில்லை. எழுந்து நின்றாலோ கையைக் காலை வெளியே நீட்டினாலோ அந்த உருவம் உடைகிறது. எனவே உட்கார்ந்திருங்கள். நடைப்பயணத்தில் இந்தப் பாதுகாப்பு இல்லை. 1950-களில் நார்மன் கார் தெற்கு லுவாங்வாவில் தொடங்கிய நடைசஃபாரி முறையில், துப்பாக்கி ஏந்திய காவலர் முன்னால் செல்ல, ஒற்றை வரிசையில் பேசாமல் நடப்பார்கள். ஓடாதீர்கள். நீர்யானைக்கும் தண்ணீருக்கும் நடுவில் நிற்காதீர்கள்.

வட அமெரிக்காவில் பழுப்புக்கரடி எதிர்ப்பட்டால் மெல்லப் பேசிக்கொண்டே பின்வாங்குங்கள். குட்டியைக் காக்கத் தாக்கினால் குப்புறப் படுத்துக் கழுத்தை மூடிக்கொள்ளச் சொல்கிறார்கள்; கருங்கரடி தாக்கினால் எதிர்த்துப் போராடச் சொல்கிறார்கள். கரடி விரட்டும் மிளகுத் தெளிப்பானை விமானத்தில் கொண்டுபோக முடியாது. அங்கே போய் வாங்குங்கள். பனிக்கரடிக்கு இந்தப் பாடங்கள் எதுவும் செல்லாது. அதனால்தான் நார்வேயின் ஸ்வால்பார்டில் கரடியை விரட்டும் சாதனம் இல்லாமல் குடியிருப்பைத் தாண்டி யாரும் போகக் கூடாது.

17. வழிகாட்டிக்குத் தனியாகக் கொஞ்சம் கொடுத்தால் இன்னும் நெருங்கிப் போகலாமா?

போவார், மாட்டினால் அவருடைய உரிமம் போகும். கலாபகோஸில் விலங்கிலிருந்து இரண்டு மீட்டர், அண்டார்டிகாவில் பென்குயினிலிருந்து ஐந்து மீட்டர், அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் கரடியிலிருந்தும் ஓநாயிலிருந்தும் 100 கெஜம் (சுமார் 91 மீட்டர்). ஸ்வால்பார்டில் 2025 ஜனவரி முதல் பனிக்கரடிக்கு 300 மீட்டர். மார்ச் தொடக்கம் முதல் ஜூன் முடிய 500 மீட்டர். அந்த மாதங்களில்தான் குட்டிகளோடு தாய்க்கரடி வேட்டையாடும். விலங்கு தானாக உங்களை நோக்கி வந்தால் அசையாமல் இருங்கள், அல்லது பின்வாங்குங்கள். கலாபகோஸில் கடற்சிங்கம் காலடியில் வந்து படுத்துக்கொள்ளும். தொடக் கூடாது, அவ்வளவுதான்.

“நிச்சயம் காட்டுகிறோம்” என்பதன் பின்னால் பல சமயம் தீனி இருக்கும். பிலிப்பைன்ஸின் ஒஸ்லோபில் திமிங்கலச் சுறாக்கள் நாள் தவறாமல் வருவது அவற்றுக்கு இறால் போடுவதால்தான். ஆந்தைப் படத்துக்கு உயிருள்ள எலியை விடுபவர்களும் உண்டு.

18. சிங்கக்குட்டியைத் தூக்கிக் கொஞ்சலாம் என்கிறார்கள். அநாதைக் குட்டிகளுக்கு உதவிதானே?

காட்டில் அத்தனை அநாதைக் குட்டிகள் ஆண்டு முழுவதும் எங்கிருந்து கிடைக்கும் என்று யோசித்தாலே விடை வந்துவிடும். பெரும்பாலும் பண்ணையில் பிறந்து, சில நாளிலேயே தாயிடமிருந்து பிரித்தவை. வளர்ந்தபின் அவற்றைக் காட்டில் விட முடியாது. தென்னாப்பிரிக்காவில் அப்படிப்பட்ட சிங்கங்கள் வேலிக்குள் வைத்துச் சுடும் வேட்டைக்கும் எலும்பு வணிகத்துக்கும் போயிருக்கின்றன. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பயணிகள் புலியோடு படம் எடுத்துக்கொண்ட ‘புலிக்கோயில்’ 2016-இல் சோதனைக்கு உள்ளானபோது 137 புலிகளை மீட்டார்கள். உறைபெட்டியில் 40 குட்டிகளின் உடல்கள் கிடந்தன.

உண்மையான மறுவாழ்வு மையங்களில் தொடவும் விடமாட்டார்கள், தூக்கவும் விடமாட்டார்கள். அதுவே போதுமான அடையாளம்.

19. நிறுவனம் நம்பகமானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஐந்து கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். ஒரு வண்டியில் எத்தனை பேர், எல்லோருக்கும் சன்னலோர இருக்கை உண்டா? வழிகாட்டியின் உரிமம் எது? அனுமதிச்சீட்டு யார் பெயரில், அதன் நகல் எப்போது கிடைக்கும்? அங்கே களத்தில் உண்மையில் நடத்தப்போகும் நிறுவனம் எது? ஒருவர் நோயுற்றால் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலின் நீளத்தைப் பாருங்கள். அனுபவசாலிகள் ஓடுதளம், மருத்துவமனை, ஆள்பெயர் என்று வரிசையாகச் சொல்வார்கள். மற்றவர்கள் “கவலைப்படாதீர்கள்” என்பார்கள். துருவக் கப்பல் என்றால், தெற்கே ஐஏஏடிஓ (IAATO), வடக்கே ஏஇசிஓ (AECO) ஆகிய பயண நிறுவனச் சங்கங்களின் உறுப்பினரா என்றும் பாருங்கள்.

20. குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா?

கொரில்லாவுக்குக் குறைந்தது 15 வயது, விதிவிலக்கு இல்லை. நடைசஃபாரிக்குப் பல இடங்களில் 12. சின்னக் குழந்தைகளை மலேரியா இல்லாத பகுதிக்குக் கூட்டிப்போவது நிம்மதி. கலாபகோஸ் குழந்தைகளுக்கு மிக ஏற்றது, விலங்குகள் மனிதனைக் கண்டு ஓடாத இடம் அது.

21. ஸ்வால்பார்டுக்கு விசாவே வேண்டாமாமே?

ஸ்வால்பார்டுக்கு வேண்டாம், 1920 ஒப்பந்தத்தின் வழிவந்த ஏற்பாடு அது. ஆனால் அங்கே போகும் வழக்கமான விமானங்கள் நார்வே வழியாகப் போகின்றன. நார்வே ஷெங்கன் பகுதி (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் தொகுப்பு), ஸ்வால்பார்ட் அதற்கு வெளியே. ஷெங்கன் விசா தேவைப்படும் நாட்டவர் ஒருமுறை நுழையும் விசாவில் போனால், ஸ்வால்பார்டில் இறங்கியதும் அந்த விசா முடிந்துவிடும். திரும்பி வர வழியில்லை. குறைந்தது இருமுறை நுழையும் விசா எடுங்கள்.

22. விமானப் புகையையும் கால்தடத்தையும் நினைத்தால், போகாமல் இருப்பதுதானே நல்லது?

சில இடங்களைப் பொறுத்தவரை ஆம் என்றே சொல்வேன். நீண்ட விமானப் பயணத்தின் புகையை எந்த மரம் நடும் திட்டமும் முழுதாக ஈடுகட்டும் என்று நான் நம்பவில்லை. இன்னொரு பக்கம், பயணிகள் நின்றுபோனால் காவலர்களின் சம்பளம் நின்றுபோகும் பூங்காக்களும் இருக்கின்றன. 6-ஆம் பதிலில் சொன்ன கொரில்லாக் காடுகள் அப்படிப்பட்டவை. அண்டார்டிகாவுக்கு அந்த வாதம் பொருந்தாது. அங்கே நாம் போவது நமக்காக மட்டுமே. பறவைக்காய்ச்சல் பரவிய பிறகு அங்கே கரையில் உட்காரவும், மண்டியிடவும், படுக்கவும் தடை வந்துவிட்டது. மனிதக் கப்பல்களில் வந்த எலிகளை தெற்கு ஜார்ஜியா தீவிலிருந்து ஒழித்து, 2018-இல் எலியற்ற தீவு என்று அறிவிக்கப் பல ஆண்டுகள் பிடித்தன.

போவதென்றால் குறைந்த முறை போங்கள், ஒரே இடத்தில் கூடுதல் நாள் தங்குங்கள். நான்கு நாளில் மூன்று நாடுகள் என்பதைவிட ஒரே பூங்காவில் ஏழு நாள் என்பதில் விலங்கும் அதிகம் தெரியும், விமானமும் குறையும்.

23. கப்பல் காலையில் கரைசேர்கிறது. அன்று மதியமே ஊருக்கு விமானம் எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். துருவக் கப்பல், சிறு விமானம், மலைப்பாதை மூன்றும் வானிலைக்குக் கட்டுப்பட்டவை, அட்டவணைக்கு அல்ல. போகும்போது ஒரு நாள், திரும்பும்போது ஒரு நாள் சும்மா இருக்கும்படி திட்டமிடுங்கள். டிரிஸ்டன் டா குன்யா போன்ற இடமானால், அங்கே போயும் அலையால் துறைமுகத்தில் இறங்க முடியாமல் தீவைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புவோர் இருக்கிறார்கள். அதை ஏற்றுக்கொள்ள முடியாவிட்டால் அந்தப் பயணத்துக்குப் பணம் கட்டவே வேண்டாம். இணைப்பு விமானங்களை ஒரே டிக்கெட்டில் எடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் முதலாவது தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது.